ஆய்வேட்டைச் சோதிக்கும் முன்

எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் கருவியான காப்பிஸ்கேப் இணையப் பக்கங்களில்தான் தேடும். வலைப்பதிவுக்கு அது போதும், ஆய்வேட்டுக்குப் போதாது. ஆய்விதழ்களையும் பழைய மாணவர் கட்டுரைகளையும் சேர்த்துப் பார்ப்பது டர்னிட்டின் என்ற கருவி. அது பல்கலைக்கழகம் வழியாகத்தான் கிடைக்கும், நூலகத்தில் கேளுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அப்படியே ஏற்றினால், கருவிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஒற்றுமை ‘0 சதவீதம்’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள்! முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அப்புறம் சந்தேகமான வரியில் ஏழெட்டுச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளிலும் தேடுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. ஆனாலும் எண்ணோடு நிற்காமல், அறிக்கையில் நிறமிட்ட ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.