கிளைம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா?

அண்ணா சாலையில் ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியில், இறப்பு கிளைம் பிரிவில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஃபைல் வந்ததும் தொகையைப் பார்க்காதீர்கள், பாலிசி தொடங்கிய தேதியைப் பாருங்கள். 3 வருடம் தாண்டிவிட்டால், காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி எந்தக் காரணம் சொல்லியும் பாலிசி செல்லாது என்று சொல்ல முடியாது. நடுவில் காலாவதியாகிப் புதுப்பித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

அப்புறம் பெயர். இறப்புச் சான்றிதழில் முருகேசன், பாலிசியில் முருகேசபாண்டியன், ஆதாரில் இனிஷியல் கடைசியில். பாதி நாள் இதிலேயே போய்விடும். நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் வீட்டை மறந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

முக்கியமானது, குறையும் காகிதங்களை ஒரே கடிதத்தில் கேளுங்கள். விதியும் அதுதான். முதல் வருடம் வியாசர்பாடி அம்மா ஒருவரை நான் மூன்று முறை அலையவிட்டேன். மூன்றாம் முறை மஞ்சப்பையை அப்படியே என் மேஜையில் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு, கல்யாண போட்டோ எல்லாம் விழுந்தன. “வேணுங்கிறத நீயே எடுத்துக்க தம்பி” என்றார்.