குறைந்த ஆர்பிஎம்மில் திணறும் பழைய சூப்பர்சார்ஜர் கார்: ஸ்பேர் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மெர்சிடிஸ் சி 200 கொம்ப்ரெஸர் (சூப்பர்சார்ஜர் வைத்த மாடல்) சிக்னலில் இருந்து கிளம்பும்போது ஒரு நொடி திணறிவிட்டு நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர், மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரைத்தான். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவதும் அது, விலை அதிகமானதும் அது. ஆனால் லேசாக ஆக்ஸிலேட்டர் மிதித்து 1200, 1500 ஆர்பிஎம்மில் போகும்போது அது வேலையே செய்வதில்லை.

2002-இல் வந்த எம் 271 என்ஜினை எடுத்துக்கொள்வோம். 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர். இந்தியாவில் ஓடிய பல சி 200 கே (கொம்ப்ரெஸர்) கார்களில் இருந்தது இதுதான். இதன் ஈட்டன் நிறுவன சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அழுத்தம் தேவைப்படாதபோது பைபாஸ் ஃபிளாப் திறந்திருக்கும், சூப்பர்சார்ஜர் தள்ளிய காற்று சுற்றி வந்து மறுபடி அதன் வாய்க்கே போய்விடும். அந்த நேரத்தில் இது சாதாரண 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின்தான். அப்போது வரும் திணறலுக்குக் காரணமும் பெரும்பாலும் சாதாரண பெட்ரோல் என்ஜினுக்கு வரும் காரணமாகவே இருக்கும்.

"ஜெர்க் அடிக்குது" என்று மட்டும் சொல்வது

மெக்கானிக்கிடம் காரை விடும் முன் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திணறல் லேசாக மிதிக்கும்போது வருகிறதா, அழுத்தி மிதிக்கும்போது வருகிறதா? லேசாக மிதித்தால் மட்டும் வந்தால், காற்று-பெட்ரோல் கலவையைச் சந்தேகிக்கலாம்: ஏர் லீக், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் மாஸ் சென்சார், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலில் ஏறிய அழுக்கு. உயர் கியரில் 1500-இல் போகும்போது அழுத்தி மிதித்தால் மட்டும் வந்தால் கதை வேறு. அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக்கும், பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில் பலவீனமாக இருந்தால் அதுவும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் குறைந்த ஆர்பிஎம்மிலேயே காற்றைத் திணிப்பதால், சாதாரண காரில் இன்னும் கொஞ்ச நாள் சமாளித்திருக்கக்கூடிய காயில் இதில் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும்.

காயிலைச் சோதிக்கச் செலவே இல்லை. கார் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் (சரியாக எரியாமல் விடுவது) என்று சொன்னால் அந்தக் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே மூன்றாவதுக்குப் போனால் காயில்தான் குற்றவாளி. போகவில்லை என்றால் நான்கு காயிலுக்கான பணம் மிச்சம்.

ஸ்கேனரில் வரும் எரர் கோடு சொன்னதை அப்படியே நம்புவது

பி0171 என்று கோடு வந்தவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது மிகப் பரவலான தவறு. கலவையில் பெட்ரோல் குறைவு என்று அந்தச் சென்சார் சொல்கிறது. பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. நல்ல செய்தியாளரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டுப் புதியவரைப் போட்டால் அவரும் அதே செய்தியைத்தான் கொண்டு வருவார்.

பார்க்க வேண்டியது ஃப்யூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்யக் கணினி எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு. அதை ஐடிலிங்கில் ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை பாருங்கள். ஐடிலிங்கில் +18 என்று நின்று, 2500-இல் +4 ஆக இறங்கினால் எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். நேர்மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது காற்றைக் குறைவாகக் காட்டும் ஏர் மாஸ் சென்சார் என்று தேட வேண்டும்.

இந்தியாவில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் எரிய அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குக் கணக்குப் போட்ட பழைய கார், வேறு எந்தக் கோளாறும் இல்லாமலேயே +7, +8 காட்டலாம். அதைப் பார்த்து ஏர் லீக் தேடி ஒரு வாரம் அலையக்கூடாது.

அளவீட்டு அலகு இன்னொரு கண்ணி. மெர்சிடிஸ் ஸ்கேனர் காற்றின் அளவை மணிக்கு இத்தனை கிலோ என்று காட்டும், கார் கணினியைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஆப் நொடிக்கு இத்தனை கிராம் என்று காட்டும். மணிக்கு 12 கிலோ என்றால் நொடிக்கு 3.3 கிராம்தான். இரண்டையும் குழப்பி நல்ல சென்சாரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

அப்புறம் அந்தப் பிரபலமான சோதனை: ஏர் மாஸ் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் வண்டி நன்றாக ஓடுகிறது, எனவே சென்சார் போச்சு. இது முழு நிரூபணம் இல்லை. கனெக்டர் இல்லாதபோது கணினி த்ராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் வைத்து ஒரு மாற்றுக் கணக்குப் போடும். சென்சார் நன்றாக இருந்து குழாயில் ஓட்டை இருந்தாலும்கூட அந்தக் கணக்கில் வண்டி கொஞ்சம் நன்றாக ஓடலாம்.

லீக்கைத் தவறான இடத்தில், தவறான முறையில் தேடுவது

எம் 271-இல் காற்று வரும் வழி இது: ஃபில்டர், ஏர் மாஸ் சென்சார், சூப்பர்சார்ஜர், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அதற்குப் பிறகுதான் த்ராட்டில், கடைசியில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு. பழைய மினி கூப்பர் எஸ்-இல், அதாவது 2006 வரை வந்த சூப்பர்சார்ஜர் மாடலில், த்ராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கிறது. ஏர் மாஸ் சென்சாரே கிடையாது, அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு காருக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் பலிக்காது. மினியில் த்ராட்டிலுக்குப் பின்னால் ஓட்டை விழுந்தால், நுழையும் காற்றையும் அழுத்த சென்சார் உணர்ந்துவிடும். அதனால் ட்ரிம் பெரிதாக மாறாமலே ஐடிலிங் மட்டும் குழம்பலாம். எம் 271-இல் அதே ஓட்டை ட்ரிம்மை எகிற வைக்கும்.

மேனிஃபோல்டில் இருக்கும் ஓட்டைக்கு இரண்டு முகம் உண்டு. ஐடிலிங்கில் அது வெளிக்காற்றை உறிஞ்சும். அழுத்தி மிதித்தால் அதே ஓட்டை, அளந்து அனுப்பிய காற்றை வெளியே ஊதும். அதனால்தான் ஒரே கார் ஒரு நேரம் பெட்ரோல் குறைவு என்றும் இன்னொரு நேரம் அதிகம் என்றும் காட்டி மெக்கானிக்கைக் குழப்புகிறது.

கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. அது போக, வெளிக்காற்றை உறிஞ்சும் ஓட்டையை மட்டும்தான் அது காட்டும். உள்ளே புகை விட்டு ஓட்டையைத் தேடும் ஸ்மோக் டெஸ்ட் நல்லது. ஆனால் மூடிய த்ராட்டில் புகையைத் தடுத்துவிடும் என்பதால், த்ராட்டிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் புகை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எம் 271-இல் நான் முதலில் பார்க்கச் சொல்வது பிரீதர் ஹோஸ். என்ஜினின் அடிப்பெட்டியில் (கிராங்க்கேஸ்) சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் இந்த ரப்பர் குழாய் எண்ணெயிலும் சூட்டிலும் ஊறி, மெத்தென்று ஆகி, அடிப்பக்கத்தில் கிழியும். மேலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும். கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் விரலை விட்டுத் தடவ வேண்டும். குழாய் மலிவு, கைபோகாத இடத்தில் இருப்பதால் கூலிதான் அதிகம். இந்தக் கிழிசலைப் பார்க்காமல் ஏர் மாஸ் சென்சார், ஆக்ஸிஜன் சென்சார், த்ராட்டில் என்று வரிசையாக மாற்றுவது இந்த என்ஜினில் வழக்கமாக நடக்கும் கூத்து.

என்ஜினில் இல்லாத கோளாறை என்ஜின் கோளாறு என்பது, சத்தத்தைத் திணறல் என்பது

ஆட்டோமேட்டிக் காரில், சீரான வேகத்தில் 1300-1800 ஆர்பிஎம்மில் சாலை மேடுபள்ளம்போல ஒரு நடுக்கம் வந்தால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரையும் சந்தேகியுங்கள். நடுக்கம் வரும்போது ஸ்கேனரில் மிஸ்ஸிங் கணக்கு ஏறவில்லை என்றால் கியர்பாக்ஸ் எண்ணெயின் வயதைக் கேளுங்கள்.

சூப்பர்சார்ஜரின் உறுமலும் தனி விஷயம். ஈட்டன் வகைகளில் உள்ளிருக்கும் கப்ளர் (இணைப்புப் பாகம்) தேய்ந்தால் ஐடிலிங்கில் கடகடவென்று சத்தம் வரும். சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் பிக்கப் குறைய அது காரணமாக இருப்பது அபூர்வம். தொண்ணூறுகளின் எஸ்எல்கே 230-இல் சூப்பர்சார்ஜருக்குக் காந்தக் கிளட்ச் உண்டு, அது பிடிக்கும்போது ஒரு உதறல் வரும். கிளட்ச்சே இல்லாத எம் 271-இல் அதைத் தேட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

மூன்று பாகத்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தால் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி கோடுகளை அழிப்பது அதைவிட மோசம், அதுவரை கணினி சேர்த்த ட்ரிம் விவரமும் போய்விடும். அழிக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்வு திறக்கும் நேரத்தை மாற்ற உதவும் கேம்ஷாஃப்ட் மேக்னெட்டின் கனெக்டரையும் ஒரு தடவை உருவிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால், அது ஒயருக்குள்ளேயே ஊர்ந்து கணினி வரை போகக்கூடியது. மேக்னெட்டை மட்டும் மாற்றிவிட்டு ஒயரை விட்டுவிடக் கூடாது.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில நொடி சங்கிலி உரசும் சத்தம், கூடவே பி0016 கோடு (கேம்ஷாஃப்டும் கிராங்க்ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை என்பது), அதோடு குறைந்த ஆர்பிஎம்மில் மந்தம். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். எம் 271-இல் வால்வுகளை நேரப்படி இயக்கும் டைமிங் செயினும் கேம் ஸ்ப்ராக்கெட்டும் (பல்சக்கரம்) தேய்வது தெரிந்த வியாதி. செயின் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். மூடியைத் திறந்து டைமிங் குறிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வரை அந்தக் காரை ஓட்டாமல் நிறுத்திவைக்கவும்.