விடியற்காலையில் அரை மணி நேரம்: மனதை அமைதியாக்கும் பயிற்சி முறை

பிரம்ம முகூர்த்தம் என்றதும் பலரும் 3 மணிக்கு அலாரம் வைத்துவிடுகிறார்கள். அவ்வளவு சீக்கிரம் தேவையில்லை. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி, 48 நிமிடம் முன்பு முடிவதுதான் பிரம்ம முகூர்த்தம். 6 மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை.

அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற ஆயுர்வேத நூல் இந்த நேரத்தில் எழச் சொல்வது ஆரோக்கியமாக இருப்பவரைத்தான். முந்தைய உணவு செரித்துவிட்டதா என்று கவனிக்கவும் சொல்கிறது, அஷ்டாங்க சங்கிரகம் என்ற இன்னொரு ஆயுர்வேத நூல். கண் விழித்ததும் வயிறு கனமாக இருந்தால், ஏப்பத்தில் இரவு உணவின் வாடை வந்தால், அன்று இன்னும் கொஞ்சம் தூங்குங்கள்.

ஆகவே வேலை முந்தைய மாலையே தொடங்குகிறது. 4.45க்கு எழ, இரவு உணவை 7 மணி வாக்கில் முடித்து, 9.30க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கத்தில் கைவைத்தால் எந்தப் பயிற்சியும் அமைதி தராது. ஒரேயடியாக நேரத்தை மாற்றாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். படுக்கும் நேரத்தையும் சேர்த்து.

எழும்போது வலப்பக்கம் திரும்பி, கையூன்றி உட்கார்ந்து, சில மூச்சுகள் விட்டபின் நில்லுங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று போதும். செல்போனைத் தொடவே வேண்டாம். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலைக்கடன், பல் துலக்கல் முடிந்ததும் நாக்கை வழியுங்கள்: பின்னிருந்து முன்னாக, மெதுவாக, ஐந்தாறு முறை. அழுத்தினால் நாக்கு எரியும்; மிகவும் உள்ளே விட்டால் குமட்டும். பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரை உட்கார்ந்து மெல்லக் குடியுங்கள்.

அடுத்த பத்து நிமிடம் ஆசனங்கள். இரவு முழுக்கப் படுத்திருந்ததால் முதுகெலும்புத் தட்டுகள் நீரேறி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து பாதம் தொடும் ஆசனங்கள் இடுப்பில் அழுத்தம் கூட்டும். அவற்றை மாலைக்கு வையுங்கள். இப்போது தாடாசனம் (நேராக நிமிர்ந்து நிற்பது), மார்ஜாரி ஆசனம் (பூனைபோல் முதுகை வளைப்பது), சிறிய அளவில் புஜங்காசனம் (குப்புறப் படுத்துப் பாம்புபோல் மார்பை உயர்த்துவது) போதும்.

இந்த அரை மணியின் உயிர்நாடி, நாசிகளை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடி சுத்திதான். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். வலக்கைச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் வலது நாசியை மூடி, இடது வழியே 4 எண்ணும்வரை மூச்சை இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி, வலது வழியே 6 எண்ணும்வரை விடுங்கள். பிறகு வலது வழியே இழுத்து இடது வழியே விட்டால் ஒரு சுற்று. ஒன்பது சுற்றுக்கு மூன்று நிமிடம்தான் ஆகும்.

மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும். அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். அடுத்த மூச்சு திபுதிபுவென்று உள்ளே பாய்ந்தால் எண்ணிக்கை உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம். 3க்கு 4 என்று குறையுங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்தால் திறந்திருக்கும் நாசியும் கோணலாகி அடைக்கும், விரல் நுனி பட்டாலே போதும். தலை மெல்ல முன்னால் சாய்வதும் அடிக்கடி நடக்கும். மூச்சை நிறுத்திவைக்கும் கும்பகம் இங்கே தேவையில்லை. கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஜலதோஷத்தால் மூக்கு அடைத்திருக்கிறதா? அன்று வண்டுபோல் ரீங்கரித்தபடி மூச்சை விடும் பிராமரி மட்டும், ஐந்து முறை.

மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியை இதில் சேர்க்க வேண்டாம். அது நல்ல பயிற்சிதான், ஆனால் உடலை முடுக்கிவிடும்.

கடைசி ஐந்து நிமிடம் கண் மூடி மூச்சைக் கவனித்திருங்கள். உட்கார்ந்தபடியே செய்யுங்கள்; அந்த நேரத்தில் சவாசனத்தில் படுத்தால் பெரும்பாலும் தூங்கிவிடுவீர்கள். நேரம் தவறிய நாளில் மற்றதை விட்டுவிட்டு, ஒன்பது சுற்று நாடி சுத்தியை மட்டும் செய்யுங்கள்.