சுவரில் ஒளி படரும் எஸ்.எஸ். எழுத்துப் பலகை: அளவெடுப்பதிலிருந்து மாட்டுவது வரை

இந்த வகைப் பலகையில் எழுத்தின் முகத்தில் வெளிச்சம் வராது. எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் செய்த எழுத்து சுவரைவிட்டு ஒன்றரை இஞ்சு தள்ளி நிற்கும். உள்ளே இருக்கும் எல்.இ.டி. வெளிச்சம் பின்பக்கமாகச் சுவரில் விழுந்து எழுத்தைச் சுற்றிக் கரை கட்டும். பேக்லிட் லெட்டர், ஹேலோ லெட்டர் என்று இரண்டு பெயரிலும் கேட்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போது பேச்செல்லாம் எழுத்தைப் பற்றித்தான் நடக்கிறது: மிரரா, மேட்டா, கோல்டா? இரவில் கண்ணில் படப்போவது சுவர். ஆகவே வேலையைச் சுவரிலிருந்து தொடங்குங்கள்.

உதாரணத்துக்கு ‘மருந்தகம்’ என்ற ஒற்றைச் சொல்லை, 12 இஞ்சு எழுத்தில், கடை வாசலுக்கு மேலே மாட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

சுவர்

வெளிர் நிறம், பளபளப்பில்லாத பரப்பு: இந்த இரண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கறுப்பு கிளாஸி ஏ.சி.பி. ஷீட்டில் (இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) மிரர் எழுத்து என்பதுதான் கடைத்தெருவில் அதிகம் விற்கும் ஜோடி, பேக்லிட்டுக்கு அதுவே மோசமான ஜோடி. கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும். பளபளப்பு, உள்ளே இருக்கும் எல்.இ.டி. ஒவ்வொன்றையும் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். கரைக்குப் பதில் புள்ளி வரிசைதான் தெரியும். பாலிஷ் போட்ட கிரானைட்டிலும் இதே கதை. கறுப்புதான் வேண்டுமென்றால் மேட் ஷீட் எடுத்து, வாட்டேஜ் கூடிய மாட்யூல் (எல்.இ.டி. பதித்த சிறு துண்டு) போடுங்கள்.

கண்ணாடி முகப்பில் நேரடியாக மாட்டினால் வெளிச்சம் விழ இடமே இல்லை, பின்னால் ஒரு பேனல் கட்டாயம். பூச்சுச் சுவரில் இன்னொரு தொல்லை உண்டு. வெளிச்சம் சாய்வாக ஓடுவதால் பகலில் தெரியாத கரணைத் தடமும் பட்டி மேடும் இரவில் வரி வரியாகத் தெரியும். பட்டி பார்த்து மேட் பெயின்ட் அடித்த பிறகே எழுத்து ஏற வேண்டும்.

வெளிர் சுவரில் மிரர் சில்வர் பகலில் கரைந்துபோகும். மெல்லிய கோடு கோடாகத் தேய்த்த ஹேர்லைன் ஃபினிஷ், கறுப்பு அல்லது பித்தளை நிற பி.வி.டி. பூச்சு (வெற்றிடத்தில் ஏற்றும் மெல்லிய படலம்) பகலிலும் இரவிலும் நிற்கும். எதிரே பெரிய ஃப்ளட் லைட்டோ தெருவிளக்கோ நேராக அடிக்கும் இடமானால் பேக்லிட்டையே மறந்துவிட்டு, முகம் ஒளிரும் அக்ரிலிக் எழுத்துக்குப் போவது நல்லது.

தமிழ் எழுத்தின் கணக்கு வேறு

ஆங்கில எழுத்துக்குச் சொல்லும் விலையும் அளவும் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ‘மருந்தகம்’ ஆறு எழுத்து. ஆனால் ந், ம் இரண்டின் புள்ளிகளும் தனித்தனியாகச் சுவரில் நிற்பதால் எட்டு உருப்படி. ‘டோ’ போன்ற எழுத்து வந்தால் ஒன்றே மூன்று உருப்படி. எழுத்தின் உயரத்தை வைத்து இஞ்சுக்கு இவ்வளவு என்று விலை பேசும்போது, புள்ளியும் காலும் கொம்பும் தனிக் கணக்கா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

12 இஞ்சு என்பது எதன் உயரம் என்பதையும் எழுதி வாங்குங்கள். ‘ம’வின் உடல் 12 இஞ்சு என்றால் புள்ளி அதற்கு மேலே போகும், ‘ந’, ‘த’ இரண்டின் அடிவாலும் கீழே இறங்கும். மொத்தம் 18 இஞ்சு ஆகிவிடும். கரை படர மேலும் கீழும் மூன்று இஞ்சாவது சுவர் வேண்டும். ஆக பேனல் இரண்டு அடி. 8×4 அடி ஏ.சி.பி. ஷீட்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் சரியாக வரும்.

ஃபான்ட் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கட்டும். 12 இஞ்சு எழுத்துக்குக் கோட்டின் அகலம் 40–45 மி.மீ. வேண்டும். 25 மி.மீ.க்குக் கீழே போனால் சாதாரண மாட்யூல் உள்ளே உட்காராது. ண, ஞ, ஐ போலச் சுழி நிறைந்த எழுத்துகளில் சுழியின் உள்வெளி 20 மி.மீ.க்குக் குறைந்தால் வெளிச்சம் நிரம்பி வெறும் பொட்டாகத் தெரியும். எழுத்துக்கு எழுத்து இடைவெளியும் இரண்டு இஞ்சாவது விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஃபைலை அனுப்பும் முன் எழுத்தை வளைகோடாக (கன்வெர்ட் டு கர்வ்ஸ்) மாற்றிவிடுங்கள். வெட்டுகிற கடையின் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் கொம்பு இடம் மாறும், புள்ளி விலகும். லேசர் இயக்குபவர் தமிழ் படிப்பவராக இருப்பார் என்று நம்பிவிட வேண்டாம். அச்சுப் பிரதியில் ந, ன, ண மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கடை என்றால் பெயர்ப்பலகை தமிழில் இருப்பது கட்டாயம்: கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948, 15ஆவது விதி. மற்ற மொழிகளையும் சேர்த்தால் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவு. லேஅவுட் போடும்போதே இதைப் பார்த்துக்கொண்டால் பின்னால் கழற்றி மாட்டும் செலவு மிச்சம்.

தகடும் உடலும்

304 கிரேடு, 1 மி.மீ. தகடு போதும். கடற்கரையை ஒட்டிய கடையானால் 316. விலை குறைத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் 202 கிரேடு போடுகிறார்கள். உப்புக் காற்றில் அது சீக்கிரமே பழுப்புப் புள்ளி கட்டும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, 202, 304 இரண்டிலுமே அது பிடிக்காது. தகட்டுக் கடைகளில் பேட்டரியோடு வைத்துச் சோதிக்கும் சொட்டுத் திரவம் இருக்கும், அதில் 202 நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

பக்கவாட்டுப் பட்டை 50 மி.மீ. ஆழம். முகமும் பட்டையும் சேரும் இடத்தில் லேசர் வெல்டிங் செய்தால் முகத்தில் சூட்டுத் தடம் தெரியாது. உட்புறம் முழுவதும் வெள்ளை பெயின்ட் அடிக்க வேண்டும். முதுகை 3 மி.மீ. கிளியர் அக்ரிலிக்கால் மூடுங்கள். திறந்து விட்டால் பல்லி புகும், குளவி மண்கூடு கட்டும். கீழ்விளிம்பில் 5 மி.மீ. துளை இரண்டு போட மறக்கக் கூடாது: மழைநீர் எப்படியும் உள்ளே வரும், வெளியே போக வழி வேண்டும்.

எல்.இ.டி.

12 வோல்ட், மூன்று எல்.இ.டி. கொண்ட, நீர் புகாத ஐ.பி.67 லென்ஸ் மாட்யூல், 0.72 வாட். இதை ஒட்டும் இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். முதுகு அக்ரிலிக்கில் சுவரைப் பார்த்து ஒட்டுவது சுலபம், ஆனால் எல்.இ.டி.க்கும் சுவருக்கும் வெறும் 35 மி.மீ.தான் இருக்கும், வெளிச்சம் பரவ இடமில்லாமல் வட்ட வட்டமாக விழும். முகத் தகட்டின் உட்புறத்தில் சுவரைப் பார்த்து ஒட்டினால் பட்டையின் ஆழமும் சேர்ந்து கிட்டத்தட்ட 80 மி.மீ. கிடைக்கும். மாட்யூலுக்கு மாட்யூல் 70 மி.மீ. வைத்தால் ஒரே சீராக வரும். சுவருக்கு உள்ள தூரத்தைவிட மாட்யூல் இடைவெளி கூடக் கூடாது. எந்த அளவு எழுத்துக்கும் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

டபுள் டேப் மட்டும் போதாது. வெயிலில் தகடு சூடேறி டேப் விட்டுவிடும். இரு முனையிலும் ஒரு சொட்டு நியூட்ரல் சிலிக்கான் வையுங்கள். புளித்த வாடை அடிக்கும் சாதா சிலிக்கான் வயரையும் தகட்டையும் அரிக்கும்.

ஒரு எழுத்துக்கு 16 மாட்யூல் என்றால் ஆறுக்கு 96. புள்ளியின் குறுக்களவு 60–65 மி.மீ.தான், மூன்று எல்.இ.டி. மாட்யூல் அதற்குள் அடங்காது, ஒற்றை எல்.இ.டி. மாட்யூல் தனியாக வாங்க வேண்டும். மொத்தம் சுமார் 70 வாட், 12 வோல்ட்டில் 5.8 ஆம்பியர். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சுமக்கவிடாதீர்கள், ஆகவே 100 வாட். பித்தளை நிறத்துக்கு 3000 கெல்வின், சில்வருக்கும் கறுப்புக்கும் 6500. எல்லாம் ஒரே பேட்ச்சில் வாங்கி, பத்து உருப்படி உபரியாக எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் அதே வெள்ளை கிடைக்காது.

ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஜோடி வயர் கொடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றாக நீட்டிக்கொண்டே போனால் கடைசி எழுத்து மங்கும், நடுவில் ஒரு இணைப்பு விட்டால் அதற்கப்புறம் எல்லாம் இருட்டு.

மாட்டுதல்

முழு அளவு அச்சுத்தாள் ஒன்றை முதலில் சுவரில் ஒட்டி, ரசமட்டம் பார்த்து, எதிர்ப்பக்கத் தெருவிலிருந்து ஒருமுறை பாருங்கள். பிறகு தாளின் மேலேயே துளை போடுங்கள். எழுத்துக்கு மூன்று எஸ்.எஸ். மரையாணியாவது வேண்டும், புள்ளிக்கு இரண்டு. 12 இஞ்சு எழுத்தின் எடை ஒன்றரைக் கிலோதான், ஆனால் காற்று அதைப் பிடித்து ஆட்டும். ஏ.சி.பி. ஷீட்டில் மட்டும் திருகினால் சில மாதங்களில் துளை அகலும், பின்னால் உள்ள ஃப்ரேமில் பிடிக்க வேண்டும். வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடாவிட்டால் தகட்டு விளிம்பு வயரை அறுத்துவிடும்.

சுவருக்கும் முதுகுக்கும் இடையே எல்லா ஆணியிலும் 35 மி.மீ. ஸ்பேசர் குழாய் வரட்டும். கண்ணளவில் தள்ளி வைத்தால் ஒரு பக்கம் கரை தடித்து மறுபக்கம் மெலியும். 50 மி.மீ.க்கு மேல் போனால் கரை வெளிறிப்போவதோடு, வாசலில் நின்று மேலே பார்ப்பவருக்கு உள்ளே இருக்கும் மாட்யூல் தெரியும்.

எல்லா எழுத்தையும் ஏற்றும் முன் ஒன்றை மட்டும் மாட்டி, இருட்டிய பின் எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அப்போதே கிளியர் அக்ரிலிக்குக்குப் பதில் பால் வெள்ளை அக்ரிலிக் மாற்றலாம், வெளிச்சம் கொஞ்சம் குறையும்.

மின் இணைப்பு

எஸ்.எம்.பி.எஸ். எழுத்திலிருந்து 3 மீட்டருக்குள் இருக்கட்டும். 1.5 சதுர மி.மீ. வயரில் 10 மீட்டர் தள்ளி வைத்தால் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். எல்.இ.டி. மங்கும், புது மாட்யூலைக் குறை சொல்வோம். 3 மீட்டரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. மேற்கு வெயில் படும் அடைத்த தகரப் பெட்டிக்குள் எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் சூடேறி முதலில் சாவது அதுதான். மின்னி மின்னி அணைந்தால் பெரும்பாலும் அளவுக்கு மீறிய சுமை அல்லது சூடு.

தனி எம்.சி.பி. (சுமை மீறினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் அணையும் சுவிட்ச்), எஸ்.எம்.பி.எஸ். உடலுக்கு எர்த், உலோக எழுத்துக்கும் ஃப்ரேமுக்கும் எர்த். டைமர் வைத்தால் பகலில் எரியும் வீண் செலவு நிற்கும்.

பாதுகாப்பு ஃபிலிமை எல்லாம் முடிந்த பிறகே உரியுங்கள், மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் பசை இறுகி உரிக்க வராது. கட்டட வேலை பாக்கி இருக்கையில் எழுத்தை ஏற்றினால் டைல்ஸ் கழுவும் ஆசிட் தெறித்தும், பக்கத்தில் இரும்பு அறுக்கும் பொறி ஒட்டியும் 304 தகடுகூடத் துருக்கறை பிடிக்கும். துடைக்க, சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஹேர்லைன் ஃபினிஷில் கோடு போகும் திசையிலேயே துடையுங்கள்.