சிகிரியா ஏறும் நாளுக்குக் குளிர்ந்த தண்ணீர்

யாழ்ப்பாணத்திலிருந்து நிலாவெளிக் கடற்கரைக்கு விடுமுறையில் சென்று, இடையில் ஒருநாள் சிகிரியாக் குன்றில் ஏற எண்ணுபவர்கள், முதல்நாள் இரவே பிளாஸ்டிக் போத்தலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் விட்டு, விடுதிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் படுக்கவைத்து, காலையில் மீதியை நிரப்பிக்கொள்ளலாம். ஐஸ்கட்டி ஒரு பக்கமாகப் படிந்து போத்தலின் வாயை அடைக்காதிருப்பதால் உடனே குடிக்க முடியும். உறையும்போது நீர் ஏறத்தாழ 9 வீதம் பெருப்பதற்கும் இடமிருக்கும். சிறு துண்டுகளைவிட ஒரே கட்டி மெதுவாக உருகுவதால், ஏறத்தாழ 1,200 படிகளுக்குப் பிறகும் தண்ணீர் சில்லென்றிருக்கும். காலையில் தேசிக்காய் பிழிந்து ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால், என் கணிப்பில், கடைச் சோடாவே தேவையில்லை. கண்ணாடிப் போத்தலுக்கு இது ஒவ்வாது, வெடிக்கக்கூடும். விடியற்காலையிலேயே ஏறி இறங்குபவர்களுக்குத் தேவையுமில்லை.