மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு நீட் மதிப்பெண்ணைக் கணிப்பது எப்படி?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் அமர்ந்து என் அக்கா மகள் எழுதிய ஐந்து மாதிரித் தேர்வுகளில் ஒன்றில் 470 வந்தது. அன்று முதல் வீட்டார் அனைவரும் அதையே அவளுடைய மதிப்பெண்ணாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். மற்ற நான்கும் அதைவிடக் குறைவு என்பது யாருக்கும் நினைவில்லை. மாதிரித் தேர்வு பொய் சொல்வதில்லை, ஆனால் அதை எப்படி எழுதினோம், எப்படிப் படித்துப் பார்த்தோம் என்பதைப் பொறுத்தே அதன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவளுடன் அமர்ந்து நான் செய்த முறையை முதன்முறை எழுதுவோருக்காக இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: இரண்டு தாள்களை ஒளித்து வையுங்கள்

தேசியத் தேர்வு முகமை நடத்திய பழைய நீட் வினாத்தாள்களில் இரண்டைத் தேர்வுக்கு முந்தைய மாதம் வரை திறக்காமல் வைத்திருங்கள். ஏற்கெனவே பார்த்த கேள்விக்குச் சரியாக விடையளிப்பது நினைவாற்றலைத்தான் காட்டும். பயிற்சி மையங்களின் தாள்களை அதுவரை தாராளமாக எழுதலாம்.

இரண்டாம் படி: தேர்வறையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

நீட் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடக்கிறது; 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள், விடைகளை ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் நிரப்ப வேண்டும். காலையில் குளிர்ந்த தரையில் அமர்ந்து பென்சிலால் எழுதிய தேர்வு, சித்திரை வெயிலில் மதிய உணவுக்குப் பின் எழுதும் தேர்வுக்கு ஈடாகாது. எங்கள் வீட்டில் நாலரை மணிக்கு ஆச்சி இடைப்பலகாரம் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் கடிகாரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு முடித்து, பிறகு தொடர்வாள். அந்தப் பத்து நிமிட ஓய்வில் தெளிந்த தலையோடு அவள் முடித்த கணக்குகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. மறுவாரத்திலிருந்து ஆச்சி ஐந்து மணிக்கு மேல்தான் தட்டை எடுத்து வந்தார்கள்.

மூன்றாம் படி: ஊகித்த விடைகளைக் குறித்து வையுங்கள்

இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் மிக முக்கியமானது இதுவே. விடை தெரியாமல் குருட்டாம்போக்கில் நிரப்பிய கேள்வி எண்ணுக்கு அருகே வினாத்தாளில் ஒரு புள்ளி வையுங்கள். சரியான விடைக்கு 4 கூடும், தவறானதற்கு 1 குறையும். நான்கு விருப்பங்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால், 20 கேள்விகளில் சராசரியாக 5 சரியாகவும் 15 தவறாகவும் அமையும். கிடைப்பது 5 மதிப்பெண். ஆனால் ஒரு நாள் 9 சரியாக அமைந்தால் 25 கிடைக்கும், இன்னொரு நாள் 2 மட்டுமே அமைந்தால் 10 குறைந்துவிடும். அதே மாணவி, அதே அறிவு. வேறுபாடோ 35 மதிப்பெண். அவளுடைய 470 வந்த தாளில் புள்ளி வைத்த கேள்விகளில் பெரும்பாலானவை சரியாக விழுந்திருந்தன.

நான்காம் படி: நடு எண்ணும் எல்லைகளும்

கடைசி ஐந்து மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள். அவளுடையவை 412, 430, 438, 455, 470. நடுவில் நிற்கும் 438 தான் அவளுடைய நிலை. 412 முதல் 470 வரை அவளுடைய எல்லை. உச்ச மதிப்பெண்ணில் உழைப்போடு அன்றைய அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும் என்பதால், அடுத்த தேர்வு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் வரும். அதைக் கண்டு பிள்ளையைக் கடிந்துகொள்வது பெரும் அநியாயம்.

ஐந்தாம் படி: அளவுகோலைச் சரிபாருங்கள்

இப்போது ஒளித்து வைத்த இரண்டு தாள்களையும் ஒரு வார இடைவெளியில் எழுதுங்கள். அவளுக்கு 396, 404 வந்தன, சராசரி 400. பயிற்சித் தாள்கள் உண்மைத் தாளைவிட ஏறத்தாழ 38 மதிப்பெண் எளிதாக இருந்திருக்கின்றன என்று இதற்குப் பொருள். அந்த 38ஐ எல்லையின் இரு முனைகளிலும் கழித்தால் 374 முதல் 432 வரை என்பது கிடைக்கும். இரண்டு தாள்களை வைத்துச் சொல்லும் திருத்தம் தோராயமானதுதான், ஆயினும் திருத்தாத எண்ணைவிட நம்பத்தக்கது.

ஆறாம் படி: தரவரிசையை அவசரப்பட்டுக் கணிக்காதீர்கள்

2024ஆம் ஆண்டின் இறுதி முடிவில் 17 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். 2025இல் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686. தாள் கடினமானால் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும், எனவே சென்ற ஆண்டு ஒரு மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடம் இந்த ஆண்டும் கிடைக்கும் என்று அட்டவணை பார்த்துச் சொல்ல இயலாது. அதனால் நாங்கள் கலந்தாய்வுக்கான கல்லூரிப் பட்டியலை 374க்கு ஒன்றும் 432க்கு ஒன்றுமாக இரண்டு எழுதி, தரவரிசை வந்தபின் திருத்துவதற்கு ஓரத்தில் இடம் விட்டு வைத்தோம்.