பிபிஆர் வீட்டுக்கும் இ-காசே பதிவுக்கும் விண்ணப்பிக்கும் முறை

கோலாலம்பூரில் சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகைக்கே கொடுத்துவிட்டுத் தவிக்கும் குடும்பங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மாநகர் மன்றம் வாடகைக்கு விடும் பிபிஆர் (மக்கள் வீடமைப்புத் திட்டம்) அடுக்குமாடி வீடு. மற்றொன்று அரசு உதவிகளுக்காக ஏழைக் குடும்பங்களைப் பதியும் தேசியத் தரவுத்தளமாகிய இ-காசே. ஒன்றில் பெயர் இருப்பதனாலேயே மற்றது கிடைத்துவிடாது என்பதால், இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் குடும்ப வருமானத்தைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். கணவரின் சம்பளத்தை மட்டும் எழுதிவிட்டு, வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கும் மனைவியின் வரும்படியையும், மாலையில் கிராப் ஓட்டும் மகனின் சம்பாத்தியத்தையும் விட்டுவிடுகிறார்கள். பிறகு வேறொரு பாரத்தில் அவற்றைச் சேர்த்து எழுதும்போது இரண்டு தொகைகளும் முரண்படுகின்றன. கடைசி மூன்று மாத வரவுகளை ஒரு தாளில் எழுதிச் சராசரி எடுத்து, எல்லாப் பாரங்களிலும் அதே தொகையை எழுதுவது நல்லது. சம்பளச் சீட்டு இல்லாத தினக்கூலித் தொழிலாளர்கள் முதலாளியிடம் கடிதம் வாங்கலாம். அதுவும் இயலாவிட்டால், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் வருமான உறுதிமொழியில் கையெழுத்திடலாம்.

இ-காசேக்குப் பார்க்கப்படும் வறுமைக் கோட்டைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். மாதம் 980 ரிங்கிட்டாக இருந்த அந்தக் கோட்டினை, 2019இல் இங்கு வந்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் கடுமையாகக் குறைகூறினார். 2020இல் அது 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது; 2022 கணக்கெடுப்பில் 2,589 ஆனது. இவை நாடு தழுவிய சராசரிகள் மட்டுமே. குடும்பத்தினரின் எண்ணிக்கை, வயது, வசிக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கோடு மாறும். பெர்லிஸ் கிராமத்துக் குடும்பத்துக்கும் கோலாலம்பூரின் செந்தூல் குடும்பத்துக்கும் ஒரே தொகை பொருந்தாது. ஆகவே 2,700 ரிங்கிட் சம்பாதிக்கிறோம், நமக்கு இதெல்லாம் கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இ-காசே பதிவுக்குப் பின்னர் அதிகாரிகள் விவரங்களைச் சரிபார்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் ஆவணங்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள். மோட்டார் சைக்கிளை மறைக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போக அது வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

மூன்று அறைகள் கொண்ட பிபிஆர் வீட்டின் மாத வாடகை 124 ரிங்கிட். விண்ணப்பதாரர் 18 வயது நிரம்பிய மலேசியராக இருக்க வேண்டும். குடும்ப வருமானம் 3,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. கோலாலம்பூர் வட்டாரத்தில் கணவன், மனைவி இருவரில் எவருக்கும் சொந்த வீடு இருக்கக் கூடாது. அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைத்துக்கொண்டு மாநகர் மன்றத்திடமே நேரடியாக விண்ணப்பியுங்கள். வரிசையில் முன்னால் ஏற்றிவிடுகிறேன் என்று காசு கேட்கும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம்.

காத்திருப்பு நீளமானது. அதற்கிடையே வீடு மாறினாலோ, கைப்பேசி எண்ணை மாற்றினாலோ, குழந்தை பிறந்தாலோ, இரண்டு பதிவுகளிலும் உடனே திருத்திவிடுங்கள். பழைய எண்ணுக்கு அழைப்பு வந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடக்கூடும்.